கடைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு

கடந்த வருடம் நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் தங்கச்சியின் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. மருமகன் புறக்கோட்டை மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு சிறிய கடை எடுத்து, பெண்களுக்கான தைத்த உடுப்பும் ஷோலும் போட்டு வியாபாரம் ஆரம்பித்திருந்தான். கல்யாணம் முடித்து ஐந்து மாதம். ஊர் திஹாரிய. கொழும்பிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்தான். ஆனால், கண்டி வீதியில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும், அது கிலோமீற்றரில் அளக்கக்கூடிய தூரமல்ல. கடவத்தையும் கிரிபத்கொடையும் பேலியகொடையும் சேர்ந்து முடிவு செய்கிற தூரம்.

காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து சேருவான். "இப்படி எத்தனை வருஷம் மாமா?" என்று கேட்டான். புறக்கோட்டைக்கு நடந்து போகக்கூடிய இடத்தில் ஓர் அறையுள்ள வீடொன்றை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது அவனுடைய எண்ணம்.

தங்கச்சிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "சொந்த வீடு இருக்க, ஊரான் வீட்டுக்கு வாடகை கட்டுறதா? அந்தக் காசை வருஷம் வருஷமாச் சேர்த்தா ஒரு பேர்ச் காணி வாங்கலாமே" என்றாள். மச்சான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால் போதும் என்றார். கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கெய்சர் வீதியில் முப்பது வருடத்துக்கு மேல் தையல் சாமான் விற்றவன் என்பதால், ஊரில் எந்தக் கணக்கு என்றாலும் என்னிடம்தான் வரும்.

"இப்ப ஒன்றும் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு கொப்பியை எடு" என்றேன் மருமகனிடம்.

முதல் பக்கத்தில் போக்குவரத்தையும் சாப்பாட்டையும் எழுதச் சொன்னேன். பஸ் காசு, இரவில் பஸ் தவறிய நாட்களில் த்ரீவீல், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, இடையில் குடிக்கிற பிளேன்டீ வரைக்கும். கூட்டினால் மாதம் 29,000 ரூபா வந்தது. "அப்படியென்றால் வாடகையில் பாதிக்கு மேல் இதிலேயே மிச்சமாகுதே" என்று சந்தோஷப்பட்டான். அங்கேதான் நம்மவர்கள் பிழை விடுகிறார்கள். வீட்டில் சமைத்தாலும் அரிசிக்கும் மீனுக்கும் காசுதான். கொழும்பில் தேங்காய் ஒன்றும் சும்மா கிடைக்காது. பாதியைக் கழித்து, மிச்சம் 15,000 என்று போட்டோம். பார்த்துவைத்த வீடுகளின் வாடகை 45,000க்கும் 55,000க்கும் இடையில் இருந்தது. ஆகவே மாதம் 35,000 ரூபா துண்டு விழுகிறது. அதைக் கடை உழைத்துத் தர முடியுமா என்பதே கேள்வி.

வெளியூர் வியாபாரிகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று, மூதூர் பக்கமிருந்து சாமான் எடுக்க வருகிறவர்கள் இரவு பஸ்ஸில் ஏறி, விடியும் முன்னரே புறக்கோட்டையில் இறங்கி விடுகிறார்கள். சுபஹ் தொழுது, ஒரு டீ குடித்து, ஆறரைக்கெல்லாம் தெருவில் நிற்பார்கள். பகலுக்குள் வாங்கி முடித்து, மூட்டையைக் கட்டி, நாட்டாமையிடம் கொடுத்து லொறியில் ஏற்றிவிட்டால் மாலை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. எந்தக் கடை முதலில் திறந்திருக்கிறதோ அங்கே முதலில் ஏறுவார்கள். கடவத்தையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருக்கிறவனால் அந்த வியாபாரத்தைச் செய்ய முடியாது.

ஆனாலும் யூகத்தில் வீடு எடுக்கக் கூடாதென்று, இரண்டு கிழமைக்கு மருமகனை என் கடையின் மேல்மாடியில் படுக்கச் சொன்னேன். 2022இல் பெற்றோல் இல்லாமல், பஸ்ஸும் ஓடாமல் நாடு நின்ற நாட்களில் நானும் அங்கேதான் துணி ரோல்களுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தேன். ஐம்பதைத் தாண்டிய முதுகுக்கு அது ஏற்ற இடமல்ல. அவனுக்கு வயது இருபத்தேழு, தாங்குவான்! தினமும் காலை ஆறே முக்காலுக்குக் கடையைத் திறந்தான். ஒன்பது மணிக்கு முன்னர் நடந்த விற்பனையைத் தனியாக எழுதினான். இரண்டு கிழமை முடிய அந்த நேரத்து இலாபம் மட்டும் 41,000 ரூபா. அதிலும் பாதியைக் கழித்தேன், ஏனென்றால் காலையில் வந்தவர்களில் பாதிப்பேர் எப்படியும் பத்து மணிக்காவது வந்திருப்பார்கள். மிச்சம் இரண்டு கிழமைக்கு இருபதாயிரம் சொச்சம், மாதத்துக்கு நாற்பதாயிரம். துண்டு விழுந்த 35,000ஐ அது மூடுகிறது. பெரிய இலாபம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால், அந்தப் பிள்ளை தினமும் நாலரை மணித்தியாலத்தை வீதியில் விடாமல் வீட்டில் இருப்பான்.

இந்தக் கணக்கைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப மருமகளையும் கூட்டிக்கொண்டா போகப் போறான்?" என்பது மட்டும்தான் அவளுடைய பதில்.

வீடு தேடப் புறப்பட்ட பிறகுதான் 'நடக்கும் தூரம்' என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் இருப்பது தெரிந்தது. ஒரு தரகர், மருதானையில் ரயில் நிலையத்துக்கும் அப்பால் ஒரு வீட்டைக் காட்டி, பத்து நிமிட நடை என்றார். நடந்து பார்த்தோம், இருபத்தாறு நிமிடம் எடுத்தது. நடந்து பார்க்காமல் எந்த வீட்டுக்கும் தலையாட்டாதீர்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து ஏமாறக் கூடாது. கிழமை நாளில், காலை ஏழு மணிக்கும், இரவு கடை பூட்டும் நேரத்திலும் நடக்க வேண்டும். நடைபாதையில் கடை போட்டிருப்பார்கள், தள்ளுவண்டிகள் குறுக்கே வரும், லொறி பின்னால் எடுப்பான். முடிந்தால் ஒரு மழை நாளிலும் போய்ப் பாருங்கள். மழை விட்டு எவ்வளவு நேரத்தில் தெருத் தண்ணீர் வடிகிறது என்பதைத் தரகர் சொல்ல மாட்டார், பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் சொல்லுவார்.

ஓரிடத்தில் தொலைபேசியில் எல்லாம் பேசி முடித்து, பெயரைச் சொன்னதும், "வீடு போய்விட்டது" என்று வைத்துவிட்டார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மில் பலர் இதை அனுபவித்திருக்கிறோம். அதே வாரத்தில், கொட்டாஞ்சேனையில் ஒரு சிங்களப் பெரியவர் தன் வீட்டின் கீழ்ப்பகுதியைக் காட்டி, மருமகளுக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்தார். தூரம் கூடியதால்தான் அதை எடுக்கவில்லை.

கடைசியில் அமைந்தது பழைய சோனகத் தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். ஓர் அறை, ஒரு சின்ன முன்கூடம், குசினி, குளியலறை. கடைக்குப் பன்னிரண்டு நிமிடம். புதிய சோனகத் தெருப் பெரிய பள்ளியும் பக்கம், கடையிலிருந்து லுஹருக்குச் சம்மாங்கோட்டுப் பள்ளியும் பக்கம். ஐந்துலாம்புச் சந்திக்குப் போனால் மரக்கறி முதல் மருந்து வரை கிடைக்கும். மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போன பின்னர் புறக்கோட்டையில் மரக்கறி வாங்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். மொத்த வியாபாரம்தான் போனது, சில்லறைக்குக் குறைவில்லை.

அதே ஒழுங்கையில் 5,000 ரூபா குறைவாக இன்னொரு வீடும் இருந்தது. அறை பெரிது, நிலத்துக்கு டைல் போட்டிருந்தார்கள். நானும் மருமகனும் அதற்கே சாய்ந்தோம். மருமகள் உள்ளே போய் குசினி ஜன்னலைத் திறந்தாள். கை நீட்டினால் பக்கத்துச் சுவர். "காலையில் அவர் போனால் இரவு வரைக்கும் நான்தானே மாமா இதுக்குள்ள இருக்கணும்" என்றாள். அதற்கு மேல் நாங்கள் வாய் திறக்கவில்லை. எடுத்த வீட்டில் குசினி ஜன்னலால் ஒரு துண்டு வானமும், யாரோ ஒருவருடைய புறாக் கூடும் தெரிகிறது. படியையும் எண்ணியவள் அவள்தான்: ஐம்பத்தி நான்கு. லிப்ட் கிடையாது. பன்னிரண்டரைக் கிலோ கேஸ் சிலிண்டரை யார் தூக்குவது என்று வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டாள். ஒழுங்கையில் நிற்கும் நாட்டாமை ஒருவர் காசுக்குத் தூக்கித் தருவார் என்று பதில் வந்தது. வியாபாரிகள் நாங்கள் இருவர் இருந்தும் எங்களுக்கு இந்தக் கேள்வி வரவில்லை.

நான் கேட்டது மின்மானியைப் பற்றி. அந்தக் கட்டடத்தில் நான்கு குடும்பத்துக்கு ஒரே மின்மானி. நமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருக்கிறது. அலகு கூடக் கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். நான்கு குடும்பம் ஒரு மானியில் பாவித்தால், சிக்கனமாக இருப்பவரும் மேல்படியின் விலையைத்தான் கட்டுவார். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது இதனால் சண்டை பிடித்துப் பிரிந்த அயலவர்களை எனக்குத் தெரியும். தனி மானி எடுத்துத் தர முடியாதென்றால், உள்ளே ஒரு துணை மானியாவது பூட்டித் தாருங்கள், பில்லைப் பிரிக்கும் முறையையும் எழுத்தில் தாருங்கள் என்றேன். வீட்டுக்கார ஹாஜியார் முகத்தைச் சுளித்தாலும் ஒரு கிழமையில் பூட்டித் தந்தார்.

பிறகு முற்பணம். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

ஹாஜியார் கேட்டது மாதம் 45,000 ரூபா, இரண்டு வருட வாடகை முழுவதும் முன்கூட்டியே. அதாவது 10,80,000 ரூபா. மருமகனிடம் கையில் இருந்தது பன்னிரண்டு இலட்சம். அது நோன்புப் பெருநாளுக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த காசு. "வாடகை குறைவு மாமா, கொடுத்திட்டா இரண்டு வருஷம் தலைவலி இல்ல" என்று சொன்னான். வீடு எடுக்கப்போய்க் கடையை வெறுமையாக்கிய பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! பெருநாளைக்கு இரண்டு மாதம் முந்தி பெட்டியில் ஒரு இலட்சத்தை வைத்துக்கொண்டு உடுப்புக் கடை நடத்த முடியுமா? கடனுக்குச் சரக்கு எடுத்து, திகதியிட்ட செக் கொடுத்து, அது திரும்பினால் அந்தத் தெருவில் பெயர் போய்விடும்.

நான் ஹாஜியாரிடம் வேறு ஒரு பேச்சைப் பேசினேன். மாதம் 50,000 தருகிறோம். மூன்று மாத வாடகையை வைப்பாக வைக்கிறோம், வெளியேறும்போது அதைத் திருப்பித் தாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதிக்கு முன் வாடகை வரும். இரண்டு முறை பேசி, மூன்றாம் முறை இணங்கினார்.

மருமகன் கணக்குப் பார்த்துவிட்டு, "இரண்டு வருஷத்தில ஒரு இலட்சத்து இருபதாயிரம் கூடக் கட்டுறமே" என்றான். உண்மைதான். ஆனால், முதல் நாளில் கையை விட்டுப் போனது இரண்டு இலட்சம் மட்டும். 8,80,000 ரூபா கடையில் நின்றது. அந்தக் காசு மாதா மாதம் வாடகையாகக் குறைந்துகொண்டே போகும். இரண்டு வருடத்தின் சராசரியைப் பார்த்தால் சுமார் மூன்று இலட்சம் உங்கள் கையில் நிற்கிறது. மூன்று இலட்சத்தை இரண்டு வருடம் வைத்திருக்க ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்றால், வருடத்துக்கு நூற்றுக்கு இருபது. இது மலிவல்ல. வருடத்தில் இரண்டு முறை மட்டும் சரக்குப் புரளும் வியாபாரி, உதாரணமாக தளபாடமோ பெரிய இயந்திரமோ விற்பவர், கையில் காசும் இருந்தால், முழுதாகக் கொடுத்து வாடகையைக் குறைப்பது அவருக்கு நல்லதாக இருக்கலாம். உடுப்பு அப்படியல்ல. அந்த முதல் இரண்டு மாதத்தில் அவனுடைய சரக்கு மூன்று முறை புரண்டது. நமக்குக் காசு அதிகம் தேவைப்பட்டதும் அந்த இரண்டு மாதத்தில்தான், அதிகம் கையில் நின்றதும் அப்போதுதான்.

பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு வாடகையே கட்டாமல் இருந்து, போகும்போது முழுத் தொகையையும் திருப்பி எடுக்கும் முறையும் கொழும்பில் உண்டு. கொடுத்த கடனுக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது வட்டியாகும் என்று உலமாக்கள் எச்சரிப்பதால் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

முழுத் தொகையையும் முன்கூட்டிக் கொடுக்க நான் பயப்படுவதற்கு இன்னொரு காரணம் என் சொந்தக் கதை. 2003இல் மருதானையில் ஒரு மேல்மாடி அறையை மாதம் 9,000 ரூபாவுக்கு எடுத்தேன். பதினெட்டு மாத முற்பணம், 1,62,000 ரூபா. முத்திரை ஒட்டிய ஒரு தாளில் வீட்டுக்காரரும் நானும் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்குத் தரகர். ஐந்தாம் மாதம் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. கட்டடம் ஏற்கெனவே ஒரு வங்கியில் ஈட்டில் இருந்திருக்கிறது, கடன் கட்டாததால் ஏலத்துக்கு வருகிறது! வாங்கியவர் நல்ல மனிதர். ஆனால், "உங்களோடு எனக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லையே" என்றார். ஆறாம் மாத முடிவில் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேறினேன். பன்னிரண்டு மாதத்துக்குரிய 1,08,000 ரூபா போனது போனதுதான். பழைய வீட்டுக்காரர் இரண்டு வருடம் "இன்ஷா அல்லாஹ் தருவேன்" என்றார். பிறகு தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார். அந்த வருடம் ஒரு கொள்கலன் சரக்கில் பங்கு எடுக்க முடியாமல் போனது இதனால்தான்.

சட்டத்தரணியிடம் போனபோதுதான் என் தாளின் பெறுமதி தெரிந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதினால்தான் அது செல்லும். முத்திரை ஒட்டினாலும் தாள் தாள்தான். அப்படி எழுதாமல் மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டு இருப்பவர் மாத வாடகைக்காரர் மட்டுமே. பதினெட்டு மாதம் என்று அவர் பேசியதெல்லாம் வெறும் பேச்சு. நான் நொத்தாரிசிடம் போயிருந்தால் அவர் முதலில் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்திருப்பார், ஈடு அன்றைக்கே வெளியே வந்திருக்கும். சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடித்து ஒரு இலட்சத்தை விட்டேன்.

இம்முறை மருமகனுக்காகப் பதிவகத்தில் தேடினோம். உறுதியில் இருக்கும் பெயரும் வீட்டுக்காரரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்த்தோம். ஒன்றல்ல! வீடு ஹாஜியாரின் மனைவியின் பெயரில் இருந்தது. அதில் தவறில்லை, சீதனமாக வந்த வீடு. ஆனால், கையெழுத்து அந்தத் தாயாருடையதாக இருக்க வேண்டும். அவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்காரர்கள் பெரிய முற்பணம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு மிகப் பெரிய பாதுகாப்பைக் கொடுத்தது. அதன் கீழ் வந்த பழைய கட்டடங்களில் அற்ப வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை எழுப்ப முடியாமல் வீட்டுக்காரர்கள் நீதிமன்றப் படியேறியே வயதாகிப் போனார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து கட்டடத்தை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. ஹாஜியாரிடம் இதை எடுத்துச் சொன்னேன். "முறையாக எழுதினால் உங்களுக்கும் வழி இருக்கிறது, எங்களுக்கும் வழி இருக்கிறது" என்றேன். அவர் இணங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு சில்லறை விடயங்கள். வீட்டு வாடகையைக் கடைக் கணக்கில் எழுத வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீடு உங்கள் சொந்தச் செலவு, வருமான வரிக்குக் கழிக்க இடமில்லை. அதோடு, குடிபோன வாரமே குடியிருப்பாளர் விபரத்தைப் பொலிஸில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் அந்தப் பிரதி பேசும்.

பெருநாள் முடிந்து மருமகன் கொப்பியோடு வந்தான். காலை வியாபாரம் நாங்கள் போட்ட கணக்கை விடக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் இன்னும் இரண்டு கடைகள் நேரத்துக்குத் திறக்க ஆரம்பித்துவிட்டன. ஆனால், பெருநாளைக்கு முந்திய பத்து இரவும் கடை நடுநிசி தாண்டித் திறந்திருந்தது. பூட்டிவிட்டுப் பன்னிரண்டு நிமிடத்தில் வீட்டில் இருந்தான், ஸஹருக்கு மனைவியோடு உட்கார்ந்தான். அந்தப் பத்து இரவு கணக்கைச் சரிசெய்துவிட்டது. தங்கச்சி முதல் மூன்று மாதம் அந்தப் படியை ஏறவில்லை. இப்போது மாதத்தில் இரண்டு தரம் வருகிறாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தி நான்கு படியையும் ஏசிக்கொண்டே ஏறி, குசினி ஜன்னலடியில் உட்கார்ந்து புறாக்களுக்கு அரிசி போடுகிறாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஹாஜியார் இப்போதே அறுபதாயிரம் என்கிறார். மருமகன் ஐம்பத்தைந்தில் நிற்கிறான். மருமகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. ஓர் அறை போதுமா, படியேற முடியுமா என்று வீட்டில் மறுபடியும் பேச்சு. "மாமா, நீங்க வந்து கதைங்க" என்று இரண்டு முறை அழைத்துவிட்டான். வருகிற ஞாயிறு போகிறேன். புதிய கொப்பி ஒன்று வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.